தொடைகளைப் பார்க்கக் கண்டிக்குப் போனேன்

கண்டிக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் ஒன்றையேதான் கேட்கிறார்கள். ஏரி எப்படி இருந்தது, தலதா மாளிகைக்குப் போனாயா, யானை பார்த்தாயா. ஏரியை பஸ் ஜன்னல் வழியாக ஏழெட்டுத் தடவை பார்த்தேன். மாளிகையின் கூரையை ஒரு தடவை பார்த்தேன். யானை வரவில்லை. மிச்ச நேரமெல்லாம் குளிரூட்டிய இருட்டறையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு மனிதத் தொடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பிழைப்பு அப்படி. மதுரையில் இருபது வருஷமாக எம்.ஆர்.ஐ. இயந்திரம் இயக்குகிறேன். மூளை, முதுகு, முழங்கால் என்று எல்லோரும் எடுக்கிற படங்களோடு, கொஞ்ச வருஷமாகத் தசைப் படங்களும் எடுக்கிறேன். பரம்பரையாக வரும் தசை நோய் என்றால் உடம்பில் இருக்கிற தசையெல்லாம் ஒன்றுபோலக் கெடும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. அவை ஓரவஞ்சனை பிடித்த நோய்கள். ஒன்று தொடையின் பின்பக்கத்தைத் தின்றுவிட்டு முன்பக்கத்தைத் தொடாது. இன்னொன்று கெண்டைக்காலில் தொடங்கும். தொடையைக் குறுக்கே வெட்டியதுபோல் படம் எடுத்து, எந்தத் தசை கெட்டது, எது தப்பியது என்று பார்த்தால், எந்த மரபணு பழுதாகியிருக்கும் என்று டாக்டர்கள் ஓரளவு ஊகித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

கண்டியில் ஒரு ஸ்கேன் மையத்தில் இதைத் தொடங்க நினைத்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டார்கள். எங்கள் பெரிய டாக்டருக்கு நேரமில்லை. “நீ போய்ட்டு வாம்மா, உனக்குத்தான் வாய் இருக்கே” என்றார். அது பாராட்டா, குத்தலா என்று யோசித்து முடிப்பதற்குள் கண்டி வந்துவிட்டது.

முதல் நாள் காலையில் என்னை அழைத்துப் போக வந்தவள் ரிஸ்னா. அந்த மையத்தில் எம்.ஆர்.ஐ. இயந்திரம் இயக்குகிறவள், முப்பது வயதுக்காரி, பக்கத்து ஊரான அக்குரணைக்காரி. பளபளவென்று கண், மடமடவென்று நடை. இலங்கையில் ஆஸ்பத்திரிப் பெண்கள் எல்லோரும் ‘மிஸ்’. வாசலில் நின்ற காவலாளியிலிருந்து எல்லோரும் என்னை மிஸ் மிஸ் என்றதில், ஒரே நாளில் வயது குறைந்தது போல இருந்தது. மதுரையில் நான் ‘மேடம்’, நோயாளிக்குக் கோபம் வந்தால் ‘ஏம்மா’.

வேலைக்கு முன்னால் ஒரு கடையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தோம். கேட்காமலே ஒரு தட்டு வந்தது. ரோல்ஸ், கட்லட், பெட்டிஸ், உளுந்து வடை என்று எட்டு உருப்படி இருக்கும். வந்த இடத்தில் மீதம் வைத்தால் மரியாதை இல்லை என்று, மூச்சு முட்ட முட்ட ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். ரிஸ்னா ஒரு ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கடைசி கட்லட் இறங்கியதும் மெதுவாகச் சொன்னாள்.

“மிஸ், இது எல்லாத்தையும் சாப்பிடணும் எண்டு இல்ல. தேவையானத எடுத்துட்டு மிச்சத்த உட்டுட்டா அவங்க கொண்டு போவாங்க.”

“இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“நீங்க நல்ல பசியில ஈக்கிறீங்க எண்டு நெனச்சேன்.”

அன்றைக்கு மதியச் சோற்றை நான் தொடவில்லை.

இரண்டாம் நாள் பாடம். நாங்கள் இரண்டு விதமாகப் படம் எடுப்போம். ஒன்றில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். தசை அழிந்து கொழுப்பாக மாறிய இடத்தை அது காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்றில் தண்ணீர் வெள்ளையாகத் தெரியும். தசை வீங்கி நீர் கோத்திருந்தால், அதாவது இப்போதுதான் அங்கே ஏதோ நடக்கிறது என்றால், அது பளிச்சிடும். கொழுப்புப் படம், தண்ணீர்ப் படம் என்றே எங்கள் அறையில் சொல்வோம். ரிஸ்னா ஒரு தடவை காட்டினால் பிடித்துக்கொள்கிறவள். மத்தியானத்துக்குள் என் தவறுகளை அவள் திருத்த ஆரம்பித்துவிட்டாள்.

மதுரையிலிருந்து ஒரு படிவமும் கொண்டுபோயிருந்தேன். படம் எடுக்கும் முன் நோயாளி நிரப்ப வேண்டியது. உடம்பில் உலோகம் இருக்கிறதா, சமீபத்தில் தசையில் ஊசி போட்டீர்களா, கடந்த ஒரு வாரத்தில் கடுமையான உடற்பயிற்சி செய்தீர்களா, இப்படிப் பன்னிரண்டு கேள்வி. தமிழில் நானே எழுதியது. எழுத்துப்பிழை இல்லாமல் இருப்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதை அப்படியே நகல் எடுத்து அடுக்கி வைத்தார்கள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் லோகேஸும் அவன் தங்கை நிரோஷாவும் வந்தார்கள். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள். அவனுக்கு இருபத்தேழு, ரோட்டோரத்தில் கைபேசி திருத்தும் சின்னக் கடை வைத்திருக்கிறான். அவளுக்கு இருபத்து மூன்று, தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். பத்தொன்பது வயதில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவனுக்குப் படி இறங்கும்போது கால் மடங்க ஆரம்பித்ததாம். இப்போது சமதரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். படி ஏற முடியாது.

“மிஸ், இந்த மெஷினுக்குள்ள போன் கொண்டுபோனா என்ன ஆகும்?” என்று கேட்டான்.

“உன் போன் உன்னை விட்டுட்டுப் பறந்து போய் ஒட்டிக்கும்.”

“பரவாயில்ல, அப்புறம் திருத்துறதுக்கு எங்கிட்டதானே வரணும்.”

பெல்ட்டைக் கட்டும்போது கூட அவன் வாய் ஓயவில்லை. நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் திரையில் படம் வந்ததும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டேன். பின்தொடை வெள்ளை வெளேர் என்று இருந்தது. உள்தொடையும் பாதிக்கு மேல் வெள்ளை. முன்பக்கத்தில் தசை கறுப்பாக, ஒழுங்காக, ஒன்றும் நடக்காதது போல இருந்தது. இரண்டு காலிலும் ஒரே கோலம்.

அவர்களின் நரம்பியல் டாக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அது எங்கே என்று தேடுகிறவர். படத்தைப் பார்த்து என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னதன் பொருள் இது: “நல்ல படம். இரண்டு மரபணுவில் ஒன்றாக இருக்கும். ரத்தத்தை அந்தச் சோதனைக்கு அனுப்பலாம்.” எட்டு வருஷமாகப் பெயரில்லாத நோய்க்கு ஒரு பெயர் கிடைக்கப்போகிறது. பெயர் கிடைத்தால் குணமாகிவிடுமா என்றால், இல்லை. ஆனால் இதயத்தைக் கவனிக்க வேண்டுமா, மூச்சைக் கவனிக்க வேண்டுமா, வீட்டில் வேறு யாருக்கு வரும் என்பதெல்லாம் தெரியும்.

வேறு யாருக்கு என்றதும் டாக்டர் தங்கையைப் பார்த்தார். அப்பா அம்மா இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு பழுதான பிரதி மறைந்திருந்து, இரண்டும் ஒரே பிள்ளைக்குப் போனால் வருகிற வகை இது. உடன்பிறந்தவளுக்கும் வரலாம். “உனக்குக் கால் எப்படி?” என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்.

நிரோஷா அண்ணனை ஒரு தடவை பார்த்தாள். “ரெண்டு நாளா வலி டொக்டர். படி எறங்கயில மடங்குது.”

லோகேஸ் குனிந்து அவள் காலைப் பார்த்தான்.

அவள் ரத்தத்தையும் எடுத்தார்கள். தசை உடைந்தால் ரத்தத்தில் கசியும் ஒரு நொதி இருக்கிறது. சாயங்காலம் முடிவு வந்தது. இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு.

சனிக்கிழமை காலையில் அவளையும் இயந்திரத்துக்குள் படுக்க வைத்தோம். கொழுப்புப் படம் சுத்தம். ‘அப்பாடா’ என்று ரிஸ்னாவின் தோளைத் தட்டினேன். அடுத்தது தண்ணீர்ப் படம். முன்தொடை இரண்டும் மினுமினு என்று வெளிச்சம் போட்டன. தட்டிய கையை மெதுவாக எடுத்துக்கொண்டேன்.

“இது ஆரம்பமா மிஸ்?” என்றாள் ரிஸ்னா.

“இருக்கலாம். கொழுப்பு வர்றதுக்கு முன்னாடி சில பேருக்கு இப்படித் தண்ணிதான் வரும். ஆனா அண்ணனுக்குப் பின்பக்கம், இவளுக்கு முன்பக்கம். ஏன்னு தெரியல.”

படத்தில் பார்த்ததை நாங்கள் நோயாளியிடம் சொல்லக்கூடாது. அது டாக்டரின் வேலை. நிரோஷா செருப்பைப் போட்டுக்கொண்டே, “எனக்கும் இருக்கா மிஸ்?” என்று கேட்டாள். “டாக்டர் சொல்லுவாங்கம்மா” என்றேன். இருபது வருஷத்தில் ஆயிரம் தடவை சொன்ன வசனம். அன்றைக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வெளியே சக்கர நாற்காலியில் இருந்த லோகேஸ் என் முகத்தைப் பார்த்தான். “எனக்கு வந்தது வந்துருச்சு மிஸ். நான் பழகிட்டேன். அவளுக்கு வேணாம்” என்றான். நான் தண்ணீர் குடிக்கப் போவது போல அந்தப் பக்கம் போய்விட்டேன். செவ்வாய்க்கிழமை டாக்டர் எல்லாப் படத்தையும் வைத்துப் பேசி முடிவு சொல்வதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை விடுதியில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளைகளின் முகமே வரும் என்று கடுகண்ணாவைக்குக் கிளம்பினேன். பாறையைக் குடைந்து பழைய ரோட்டை உள்ளே விட்டிருக்கிறார்கள், பார்க்க வேண்டியது என்று விடுதிக்காரர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் கூட்டம். நடத்துநர் “இஸ்ஸரஹாட யன்ன, இஸ்ஸரஹாட யன்ன” என்று முதுகில் தட்டாத குறையாக முன்னே தள்ளினார். முன்னே போ என்று அர்த்தம். எங்கள் ஊரில் “உள்ள போ, உள்ள போ” என்பார்கள். பாஷை வேறே தவிர நசுக்கல் ஒன்றுதான்.

பாறை நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு கடையில் இளநீர் குடித்தேன். கீழே பள்ளத்தாக்கில் மேகம் படுத்திருந்தது. மேலே ஏறித் திரும்ப பஸ் பிடிக்காமல், கீழே இறங்கினால் காட்சி இன்னும் நன்றாக இருக்கும் என்று நடந்தேன். அங்கேதான் சனி பிடித்தது. வளைவுகளில் ஒரு பஸ்ஸும் நிற்கவில்லை. கை காட்டினால் ஓட்டுநரும் அன்பாகக் கை காட்டிவிட்டுப் போனார். பழக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவரிடம் நிறுத்தம் எங்கே என்று கேட்டேன்.

“இந்தா, கொஞ்சம் கீழ எறங்கினா ஈக்குது மகள்.”

மதுரையில் ‘இந்தா பக்கத்துல’ என்றால் குறைந்தது இரண்டு கிலோமீட்டர். அந்த விஷயத்தில் இலங்கை நமக்கு அண்ணன். இரண்டு மணி நேரம் இறக்கத்திலேயே இறங்கினேன், அதுவும் கல்யாணத்துக்குப் போடுகிற செருப்பில். கடைசியில் பஸ் கிடைத்து உட்கார்ந்தபோது தொடை இரண்டும் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தன. பக்கத்திலிருந்த சிங்கள அம்மாள் என் தொடையைப் பார்த்துவிட்டு ஒரு மாங்காய்க் கீற்றை நீட்டினார்.

திங்கட்கிழமை காலையில் கட்டிலிலிருந்து எழுந்திருப்பதே ஒரு பெரிய காரியமாகிவிட்டது. ஸ்கேன் அறை கீழ்த்தளத்தில். லிஃப்டை நோயாளிகளுக்கு மட்டும் விடுங்கள் என்று முதல் நாள் நான்தான் பெரிய மனுஷி போலச் சட்டம் பேசியிருந்தேன். இப்போது வாயைத் திறக்க முடியுமா. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நண்டு மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு “அய்யோ”.

கீழே பெஞ்சில் நிரோஷா உட்கார்ந்திருந்தாள். அண்ணனின் படங்களை வாங்கிப்போகத் தனியாக வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“மிஸ், நீங்களும் மலைக்குப் போனீங்களா?”

“எந்த மலைக்கு?”

“சிவனொளிபாத மலைக்கு. போய்ட்டு வந்தா இப்புடித்தான் எறங்குவாங்க. எங்க தோட்டத்துல சீசன் வந்தா ஒரு வாரத்துக்குப் பாதிப்பேரு இப்புடித்தான் நடப்பாங்க.”

நான் மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டேன். “நீங்களும்னா? நீ போனியா?”

“ம்.” குரல் இறங்கியது. “போன செவ்வாக்கெழம அம்மாவோட போய் ஏறுனோம். புதன் காலையில எறங்குனோம். மொத தடவ மிஸ். எறங்கயில முழங்கால் நடுங்கிப்போச்சு. அண்ணனுக்காக நேர்த்தி. அவனுக்குத் தெரிஞ்சா ஏசுவான், எனக்காக யாரும் மலை ஏற வேணாம்பான். அத்தை வீட்டுக்குப் போறோம்னு சொல்லிட்டுப் போனோம்.”

ராத்திரியெல்லாம் ஏறிக் கும்பிட்டு விடியலில் இறங்குகிற மலை, ஆயிரக்கணக்கான படிகள். புதன்கிழமை இறக்கம், வெள்ளிக்கிழமை ரத்தம், சனிக்கிழமை படம். எனக்கு வலியெல்லாம் மறந்து மிச்சப் படிகளை எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. அலுமாரியைத் திறந்து அவள் படிவத்தை எடுத்தேன். கடுமையான உடற்பயிற்சி செய்தீர்களா: இல்லை. அழகாகக் கோடு போட்டிருந்தாள்.

“ஏம்மா, இதுல கேட்டிருக்கேனே.”

அவள் வாங்கிப் படித்தாள். “உடற்பயிற்சின்னுதானே மிஸ் கேட்டிருக்கு? அது ஸ்கூல்ல விசில் ஊதிச் செய்யச் சொல்றது. இது சாமி காரியம்.”

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். மதுரையில் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் எத்தனை பேர். பாதம் கொப்புளித்து வந்து படுக்கிற அவர்களிடம் உடற்பயிற்சி செய்தீர்களா என்று கேட்டால் அவர்களும் இல்லை என்றுதான் எழுதுவார்கள். எத்தனை பேர் அப்படி எழுதிக்கொடுத்தார்களோ, நானும் வாங்கிக் கோப்பில் வைத்தேனோ, மீனாட்சிக்குத்தான் வெளிச்சம்.

ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் முன்தொடைத் தசை உடம்பின் பாரத்தைப் பிடித்துக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. பழகாத தசையில் நுணுக்கமாகக் கிழிசல் விழும். நாலைந்து நாள் வீங்கும், நீர் கோக்கும், அந்த நொதியும் ரத்தத்தில் கசியும். பிறகு தானாக ஆறிவிடும். பாடமாகத் தெரிந்ததுதான். தெரிந்து என்ன பயன், கேட்கத் தெரியவில்லையே.

ரிஸ்னாவிடம் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. “மிஸ், நீங்க உள்ள படுங்க” என்றாள். மத்தியான இடைவேளையில் என்னை இயந்திரத்துக்குள் தள்ளி, நான் சொல்லிக்கொடுத்த முறையிலேயே என் தொடையைப் படம் எடுத்தாள். வெளியே வந்து பார்த்தால் என் முன்தொடையும் மினுமினு என்று இருந்தது. நிரோஷாவினுடையதைவிட மங்கல்தான், ஆனால் அதே இடம், அதே கோலம்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இரண்டு தண்ணீர்ப் படத்தையும் பெயரில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். டாக்டர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். “ஒன்று அந்தப் பெண். மற்றது யார்? தோலுக்குக் கீழே இவ்வளவு கொழுப்பு இருக்கிறதே?” என்றார். அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மருத்துவ முன்னேற்றத்துக்காக இந்த அவமானத்தைத் தாங்கிக்கொண்டேன்.

மலைக் கதையைச் சொன்னேன். உடனே அவர் சிரித்து, ஒன்றுமில்லை போ என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

“ஒத்துப்போகிறது. ஆனால் நோய் இல்லை என்று இன்றைக்குச் சொல்லமாட்டேன்” என்றார். “மலை ஏறினாள் என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. நோய் தொடங்குவதற்கு முந்தைய வருஷம்வரை பந்தயத்தில் ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். நோய் உள்ள தசை என்றால் மலைக்குப் பிறகு ஆறாது. இல்லாத தசை என்றால் ஆறிவிடும். மூன்று வாரம் ஓய்வு. ஏறக்கூடாது, இறங்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. பிறகு மறுபடி ரத்தம், மறுபடி படம்.”

அண்ணன் தங்கை இருவரையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். ரிஸ்னா தமிழில் சொன்னாள். நேர்த்திக் கதை வெளியே வந்தபோது லோகேஸ் தங்கையை ஒரு முறை முறைத்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். நிரோஷா ஒன்றுதான் கேட்டாள்.

“பாரம்னா, அண்ணனையுமா டொக்டர்?”

அவர்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு அறுபத்திரண்டு படி. தினமும் காலையில் அவள்தான் அவனை முதுகில் சுமந்து இறக்கிக் கடையில் உட்கார வைப்பாள். சாயங்காலம் சுமந்து ஏற்றுவாள். தினம் செய்கிற வேலைக்குத் தசை பழகியிருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். டாக்டர் விடவில்லை. “சந்தேகத்துக்கு இடம் வைக்காதே” என்றார். அதுவும் சரிதான்.

“இன்னைக்கு மட்டும் அக்கம்பக்கத்துல சொன்னா ஏத்திருவாங்க” என்றான் லோகேஸ். “அதுக்கப்புறம் மூணு வாரம் நான் கீழ எறங்க மாட்டேன். தினம் போய் ஆள் கூப்பிட்டா இவ பொறுக்க மாட்டா, நானே தூக்குறேன்னு வருவா. எனக்குத் தெரியும்.”

புதன்கிழமை எனக்கு வேலை இல்லை. நிரோஷா வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஏறினேன். இறங்குகிறவர்கள் “பஹினவா” என்று குரல் கொடுக்க வேண்டும் என்று ரிஸ்னா சொல்லிக்கொடுத்திருந்தாள். மனப்பாடம் செய்துகொண்டே போய், சரியான இடம் வந்தபோது என் வாயில் வந்தது “நிப்பாட்டுங்கண்ணே” தான். பஸ் நின்றது. நடத்துநர் தமிழர்.

அறுபத்திரண்டு படியையும் எண்ணிக்கொண்டே ஏறினேன். கருங்கல் படிகள், சில இடத்தில் பாதி உடைந்தவை, மழையில் பாசி. ஒரு ஆளைச் சுமந்துகொண்டு இதில் எப்படி இறங்குவாள் என்று எனக்குப் புரியவில்லை. மேலே வீட்டு வாசலில் கதிரை, அதாவது நாற்காலி போட்டு லோகேஸ் உட்கார்ந்திருந்தான். மடியில் பலகை, பலகையில் பிரித்துப் போட்ட ஒரு கைபேசி. அங்கிருந்து பார்த்தால் அவன் கடையின் தகரக் கூரை தெரிந்தது. பூட்டியிருந்தது.

அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தார். நிரோஷா கோதுமை மாவில் தட்டிய தடித்த ரொட்டியும் இடித்த தேங்காய்ச் சம்பலும் வைத்தாள். அந்தச் சம்பல் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. மதுரைக்காரி காரத்துக்கு அழுதாள் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று, மூன்றாவது ரொட்டியையும் வாங்கிக்கொண்டேன்.

“சாமிக்கிட்ட என்னதான் கேட்ட?” என்று லோகேஸ் தங்கையிடம் கேட்டான். எனக்கு முன்னால் கேட்டால் தப்பிக்க முடியாது என்று காத்திருந்திருப்பான் போல.

“சொல்ல மாட்டேன்.”

“என் கால் சரியாகணும்னு கேட்டியா?”

“இல்ல. டொக்டருக்கு ஒன் நோய் என்னன்னு தெரியணும்னு கேட்டேன்.”

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். “அது தெரியப்போகுது. ஆனா நாலு நாளு உன் காலப் பாத்துட்டு நான் தூங்கல. எனக்கு வந்தப்ப கூட அப்படி இல்ல. இனிமே மலை ஏறுறதுன்னா சொல்லிட்டு ஏறு.” அவள் அவன் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள். எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை, சம்பல் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதுரை வந்து சேர்ந்தேன். வந்ததும் முதல் வேலையாகப் படிவத்தைத் திருத்தினேன். இப்போது அது இப்படிக் கேட்கிறது: கடந்த மூன்று வாரத்தில் மலை ஏறி இறங்கினீர்களா, பாதயாத்திரை போனீர்களா, அங்கப்பிரதட்சிணம் செய்தீர்களா, காவடி எடுத்தீர்களா, யாரையாவது தூக்கிச் சுமந்தீர்களா. எங்கள் பெரிய டாக்டர் படித்துவிட்டு, இது ஸ்கேன் படிவமா, தேவஸ்தான விண்ணப்பமா என்று கேட்டார். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். அந்த வாரமே இரண்டு பேர் ‘ஆம்’ என்று எழுதினார்கள்.

மூன்று வாரம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யார் தொடையைப் பார்த்தாலும் அவள் ஞாபகம். கொள்ளைநோயா, கொலைக் குற்றமா, ஒரு பொண்ணு படி இறங்காமல் இருக்கிறாள், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பயம் போகவில்லை. ஆறாமல் போனால் என்ன செய்வார்கள் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்த வீட்டில் இரண்டு பேரையும் யார் சுமப்பது.

ஒரு நாள் மத்தியானம் ரிஸ்னாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. நோயாளியைப் படுக்க வைத்துவிட்டு, மூலையில் போய் நின்று காதில் வைத்துக் கேட்டேன்.

“மிஸ், அல்ஹம்துலில்லாஹ். தண்ணிப் படம் கறுப்பு. ரெண்டு தொடையும் சுத்தமா ஈக்குது. ரத்தமும் சரியாகிட்டு. இந்தத் தசையில நோய்க்கு ஒரு அடையாளமும் இல்ல எண்டு டொக்டர் எழுதிக் குடுத்துட்டாங்க. அண்ணன்ட மரபணு முடிவு வந்தா இவளுக்கும் ஒருக்கா ரத்தத்துல பாத்து உறுதி செய்வாங்களாம். ஆனா பயப்பட வேணாம் எண்டு செல்லிட்டாங்க. அவள் என்னக் கட்டிப் புடிச்சிட்டு உடவே இல்ல.”

இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்பதற்குள் உள்ளே படுத்திருந்தவர் மணியை அடித்துவிட்டார்.

மறுநாள் காலையில், இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது கைபேசி அடித்தது. இலங்கை எண். எடுத்தால் லோகேஸ். பின்னால் ஒரு பஸ்ஸின் ஹார்ன், நாய் குரைப்பு, யாரோ “கடை தொறந்தாச்சா” என்று கேட்கும் குரல்.

“மிஸ், ரோட்டுல இருக்கேன்” என்றான்.

பிட்ட இட்லியைத் தட்டில் திருப்பி வைத்தேன். அவனுக்குப் பக்கத்தில் ஒருத்தி மூச்சு வாங்குவது நன்றாகக் கேட்டது. மூன்று வாரம் உட்காரவைத்துத் தின்னக் கொடுத்ததில் கனத்துப் போய்விட்டானாம், முப்பதாவது படியிலேயே தங்கச்சி திட்ட ஆரம்பித்துவிட்டாளாம். சிரித்துக்கொண்டே சொன்னான். போனை அவளிடம் கொடு, ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன் என்றேன்.

“கொஞ்சம் இருங்க மிஸ்” என்றான். “இன்னும் கதிரையில எறக்கல. முதுகுலதான் இருக்கேன்.”